மின்சாரம் எடுத்த தண்ணீரில் என்ன குறைகிறது? கண்மாய் வழியாக ஓர் அணைப் பாடம்

காவிரியில் தண்ணீர் திறக்கும் நாளிலும் மின்வெட்டு வரும் நாளிலும் மூன்று பேச்சுகள் தவறாமல் காதில் விழும். "கரண்டை எடுத்துக்கிட்டு சக்கைத் தண்ணியத்தான் கீழே விடுறாங்க" என்பது ஒன்று. "அணைதான் நிரம்பிக் கிடக்கே, பிறகு ஏன் கரண்டு இல்லை?" என்பது இன்னொன்று. "நூத்தியிருபது அடியில் அறுபது அடி நிக்குது, பாதித் தண்ணி இருக்கு" என்பது மூன்றாவது. மூன்றும் தவறு. படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. அணையின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை யாரும் நிதானமாகச் சொல்லித் தராததுதான் காரணம்.

செட்டிநாட்டில் நீர்மின் அணை எதுவும் இல்லை. தரை அதற்கு இடம் தராது. ஆனால் கண்மாய் இல்லாத ஊரைத் தேடிப் பிடிப்பது கடினம். கண்மாயை அறிந்தவருக்கு அணையின் பெரும்பகுதி ஏற்கெனவே தெரியும். மீதியை இங்கே பார்ப்போம்.

## கண்மாயில் இருப்பதே அணையிலும்

ஒரு கண்மாய்க்கு நான்கு உறுப்புகள். மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்கால். நீரைத் தடுத்து நிறுத்தும் கரை. வேண்டும்போது திறந்து வயலுக்கு விடும் மடை. கொள்ளளவுக்கு மேல் வருவது கரையை உடைக்காமல் வழிந்து போகக் கட்டிய கலுங்கு.

அணையிலும் இவையேதான். வரத்துக்கால் இருக்கும் இடத்தில் ஆறு. கரை இருக்கும் இடத்தில் கல்லும் கான்கிரீட்டுமான சுவர். மடையின் இடத்தில் மதகு. கலுங்கின் இடத்தில் உபரிநீர்ப் போக்கி. மேட்டூரில் 16 கண் மதகு என்று செய்திகளில் வருவது, பெயரில் மதகு இருந்தாலும், இந்தப் போக்கிதான். சுவருக்குப் பின்னே தேங்கி நிற்கும் நீர்ப்பரப்பு முழுவதும் நீர்த்தேக்கம். அணை என்பது சுவர், நீர்த்தேக்கம் என்பது அது தடுத்து வைத்த நீர். பேச்சில் இரண்டையும் ஒன்றாகச் சொல்லுகிறோம். கணக்கில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வேறுபாடு இரண்டு. கண்மாய், சரிந்த சமவெளியில் தாழ்ந்த பக்கத்தைப் பிறை போலக் கரை கட்டி மறிப்பது. அதனால் பரப்பு அதிகம், ஆழம் குறைவு. அணை, இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஆறு குறுகும் இடத்தைப் பார்த்துக் கட்டுவது. அதனால் ஆழம் அதிகம். இரண்டாவது வேறுபாடு, நீர்மின் அணையில் மடை வழியே வெளியேறும் நீர் வயலுக்குப் போகும் முன் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகிறது. நீர்மின் அணை என்ற பெயர் அந்தச் சக்கரத்தால் வந்தது.

## சுவரைத் தள்ளுவது ஆழம்

"இவ்வளவு பெரிய ஏரி, சுவர் எப்படித் தாங்கும்?" என்ற அச்சம் இயல்பானது. ஆனால் சுவரின் மேல் விழும் அழுத்தத்துக்கும் நீர்ப்பரப்பின் அகலத்துக்கும் தொடர்பு இல்லை. ஊரணியின் அடிவரை முங்கியவருக்குக் காது அடைக்கும். ஊரணி சிறிது என்பதால் காது குறைவாக அடைப்பதில்லை. அதே ஆழமுள்ள பெரிய ஏரியிலும் அதே அளவுதான் அடைக்கும். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் கூடுகிறது. பின்னால் ஒரு கிலோமீட்டர் தூரம் நீர் நின்றாலும் நூறு கிலோமீட்டர் நின்றாலும் இது மாறாது.

ஆழம் கூடும்போது மட்டும் நிலைமை வேகமாகக் கடுமையாகிறது. 3 மீட்டர் ஆழமுள்ள கண்மாயில், கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் நீர் சுமார் 4.5 டன் விசையோடு தள்ளுகிறது. 30 மீட்டர் ஆழமுள்ள அணையில் அதே ஒரு மீட்டர் நீளத்தைத் தள்ளுவது 450 டன். ஆழம் பத்து மடங்கு, தள்ளல் நூறு மடங்கு. அணைச்சுவர் மேலே மெலிந்தும் அடியில் பருத்தும் இருப்பதன் காரணம் இந்தக் கணக்கு.

மேட்டூர், முல்லைப் பெரியாறு போன்றவை எடை அணைகள். தன் கனத்தால் மட்டுமே நகராமல் நிற்கும் சுவருக்கு எடை அணை என்று பெயர். 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் உட்புறம் சுண்ணாம்பும் சுர்க்கியும், அதாவது செங்கல் தூளும், சேர்த்துக் கட்டியது. செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புக் காரையை அறிந்தவர்களுக்கு அந்தப் பக்குவம் புதிதாகத் தோன்றாது. பின்னாளில் கான்கிரீட் முட்டுக் கொடுத்தும், மேலே கான்கிரீட் தொப்பி போட்டும், எஃகு வடங்களால் பாறையோடு பிணைத்தும் அதை வலுப்படுத்தினார்கள்.

எடை அணைக்குக் கண்ணுக்குத் தெரியாத பகை ஒன்று உண்டு. அடித்தளப் பாறையின் வெடிப்புகளில் புகும் நீர், சுவரைக் கீழிருந்து மேலே தூக்கப் பார்க்கும். மேல்தள்ளல் என்று இதைச் சொல்வோம். தூக்கிய அளவுக்குச் சுவரின் எடை குறைந்ததாகக் கணக்கு. இதைத் தணிக்கப் பாறையில் வரிசையாகத் துளைகள் போட்டு, சேரும் நீரைச் சுவருக்குள் செல்லும் நடைபாதை வழியாக வெளியேற்றுகிறார்கள்.

எனவே "அணையில் கசிவு" என்ற செய்தியைப் பார்த்ததும் கலங்க வேண்டியதில்லை. கசியாத அணை இல்லை. கசிவுநீரை ஒரு கால்வாயில் கூட்டி, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று அளந்து எழுதி வைப்பார்கள். நீர்மட்டம் ஏறினால் கசிவு சற்று ஏறும், இறங்கினால் இறங்கும். கவலைக்குரிய அறிகுறி இரண்டுதான்: மட்டம் மாறாதபோது கசிவு திடீரெனக் கூடுவது, தெளிவாக வந்த நீர் கலங்கி வருவது. கலங்கல் என்றால் உள்ளிருந்து மண்ணோ காரையோ அரித்து வருகிறது. மண்கரையில் இது மிக ஆபத்து. நண்டு வளையில் நூல் போலத் தொடங்கிய ஊற்று, கலங்கியபடி விரலளவாகி, விடிவதற்குள் கரையைப் பிளப்பதைக் கண்மாய்க்காரர்கள் அறிவார்கள். மண்கரைக்கு இன்னொரு சாவு, நீர் மேலேறி வழிவது. கலுங்கைக் கல்லடைத்து உயர்த்தி நீரைக் கூடுதலாகப் பிடிக்க நினைப்பது அதனால்தான் பெரும் பிழை.

இதுவரை சொன்னதன் சாரம்: சுவருக்கு எதிரி ஆழம். அடுத்த பகுதியில் அதே ஆழம்தான் வரவாக மாறுகிறது.

## விழும் உயரம் எவ்வளவு, யூனிட் எவ்வளவு

மொட்டைமாடித் தொட்டியை எடுத்துக்கொள்வோம். 1,000 லிட்டர் தண்ணீர், 10 மீட்டர் உயரம். மோட்டார் அந்த நீரை மேலே ஏற்ற ஆற்றல் செலவிட்டது. அந்த ஆற்றல் எங்கும் போகவில்லை. நீர் மேலே இருக்கும்வரை உயரத்தின் வடிவில் இருப்பாக நிற்கிறது. நீர் கீழே விழும்போது அதைத் திரும்பப் பெறலாம்.

எவ்வளவு பெறலாம்? 1,000 கிலோ எடை 10 மீட்டர் இறங்கினால் கிடைப்பது சுமார் 98,000 ஜூல். நாம் மின்கட்டணம் கட்டும் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். அதாவது ஒரே ஒரு யூனிட்டுக்கு அந்தத் தொட்டியை 37 முறை நிரப்பி முழுவதுமாகக் கீழே விட வேண்டும். ஒரு தொட்டி நீரில் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று மூன்று மணி நேரம் எரியும், அதுவும் இழப்பே இல்லாமல் கணக்கிட்டால். "மாடித் தொட்டிக் குழாயில் சின்ன டர்பைன் மாட்டி வீட்டுக்கே கரண்டு" என்று பரவும் காணொளிகளை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

நீர்மின்சாரம் இரண்டின் பெருக்கல்: எவ்வளவு நீர், எவ்வளவு உயரத்திலிருந்து. நீர்த்தேக்கத்தின் மேல்மட்டத்துக்கும் சக்கரத்தைத் தாண்டி நீர் வெளியேறும் மட்டத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தை மின்நிலையத்தில் ஹெட் என்பார்கள். தமிழில் விழும் உயரம் என்று வைத்துக்கொள்வோம். விழும் உயரம் 40 மீட்டர் என்றால், இழப்பும் போக ஒரு யூனிட்டுக்குச் சுமார் 10,400 லிட்டர் நீர் வேண்டும். நீலகிரியில் 1932-இல் தொடங்கிய பைக்காரா மின்நிலையத்தின் விழும் உயரம் 3,000 அடிக்கும் மேல், அதாவது 900 மீட்டரைத் தாண்டும். அங்கே ஒரு யூனிட்டுக்குச் சுமார் 460 லிட்டர் போதும். மாடித் தொட்டியில் பாதிகூட இல்லை.

செட்டிநாட்டில் நீர்மின்சாரம் ஏன் இல்லை என்பதற்கும் இதுவே விடை. கண்மாயில் நீர் இருக்கிறது. மடைக்கும் வயலுக்கும் நடுவே உயரம் ஓரிரு மீட்டர்தான்.

## குழாய், சக்கரம், காந்தம்

மதகின் வாயில் முதலில் இருப்பது கம்பித் தட்டி. மிதந்து வரும் மரக்கிளை, ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக் எதுவும் உள்ளே போகாமல் தடுக்கும். இது அடைத்துக்கொண்டால் நீர் குறைந்து மின்சாரமும் குறையும் என்பதால் அடிக்கடி வாரிச் சுத்தம் செய்ய வேண்டும். அதன் பின்னே கதவு. கதவைத் தாண்டியதும் தடித்த எஃகுக் குழாய். பென்ஸ்டாக் என்பது இதன் பெயர். தேக்கடி மலையடிவாரத்திலுள்ள லோயர் கேம்ப் செல்லும் வழியில் மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள், அவைதான்.

குழாயின் அடியில் டர்பைன், அதாவது நீர் தள்ளிச் சுற்றும் சக்கரம். அதைச் சூழ்ந்து, சன்னல் கதவு போலத் திறந்து மூடும் தகடுகள் வரிசையாக நிற்கும். எவ்வளவு நீர் போக வேண்டும் என்பதை அவை தீர்மானிக்கின்றன. சக்கரத்தின் வடிவம் உயரத்தைப் பொறுத்தது. பைக்காரா போன்ற பெரும் உயரத்தில் நீரை ஒரு மூக்கு வழியாகப் பீய்ச்சி, சக்கரத்தின் விளிம்பிலுள்ள இரட்டைக் கிண்ணங்களில் அடிப்பார்கள். இது பெல்டன் வகை. மேட்டூர் போன்ற நடுத்தர உயரத்துக்குப் பக்கவாட்டில் நுழைந்து நடுவழியே வெளியேறும் பிரான்சிஸ் வகை. சில மீட்டர் மட்டுமே உயரம் உள்ள ஆற்றுக் கதவணைகளுக்கு விசிறி இறக்கை போன்ற வகை.

சக்கரத்தின் அச்சிலேயே ஜெனரேட்டரின் சுழலும் பகுதி இருக்கிறது. அது மின்காந்தங்களின் தொகுப்பு. சுற்றிலும் அசையாமல் நிற்கும் செப்புக் கம்பிச் சுருள்களைக் காந்தம் கடந்து போகும்போதெல்லாம் சுருளில் மின்சாரம் எழுகிறது. மின்சாரம் பிறக்கும் இடம் இந்தச் செம்புதான். நீர் அதைத் தொடுவதே இல்லை.

பழைய சைக்கிள் டைனமோவை நினைத்துப் பாருங்கள். டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்து விளக்கு எரியவிட்டதும் மிதிப்பது கனக்கும். விளக்குக்குப் போகும் ஆற்றல் காலிலிருந்து வருவதால் கனக்கிறது. மின்நிலையத்திலும் அப்படியே. மாலை ஆறு மணிக்கு ஊரெல்லாம் விளக்கைப் போட்டதும் ஜெனரேட்டர் கனக்கிறது. வேகம் தளர்ந்தால் மின்சாரத்தின் துடிப்பு நொடிக்கு 50 என்ற அளவிலிருந்து நழுவும். நழுவாமல் காக்கத் தகடுகள் தானாகவே சற்று விரிந்து கூடுதல் நீரை விடுகின்றன. மிதிக்கும் கால் அங்கே நீரின் எடை.

பிழைகளும் இங்கேதான் நேரும். தெருக்குழாயைச் சட்டென்று மூடினால் குழாய் 'டம்' என்று அதிர்வதைக் கேட்டிருக்கலாம். ஓடும் நீரை நிறுத்தினால் அதன் வேகம் அழுத்தமாக மாறிக் குழாயை அறைகிறது. நூற்றுக்கணக்கான டன் நீர் ஓடும் பென்ஸ்டாக்கில் இது நடந்தால் எஃகே கிழியும். அதனால் நீண்ட சுரங்கமும் குழாயும் சேரும் இடத்தில், மேலே திறந்த உயரமான தொட்டி ஒன்றை வைப்பார்கள். கதவு மூடும்போது நீர் அதில் மேலேறித் தணியும். இன்னொன்று மணல். வெள்ளக்காலத்தில் நீரோடு வரும் துகள் உப்புத்தாள் போலச் சக்கரத்தைத் தேய்க்கும். நீர்மட்டம் மிகவும் தாழ்ந்துவிட்டால் சக்கரம் தன் அளவுக்குப் பொருந்தாத அழுத்தத்தில் ஓடி அதிரும். இறக்கையின் மேல் நீராவிக் குமிழிகள் தோன்றி உடைந்து உலோகத்தைக் குழி குழியாக அரிக்கும். குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே, நீர் இருந்தும் இயந்திரத்தை நிறுத்துவது இதனால்தான்.

சுருக்கமாக, நீரின் எடை சக்கரத்தைச் சுற்றுகிறது, சக்கரம் காந்தத்தைச் சுற்றுகிறது, காந்தம் செம்பில் மின்சாரத்தை எழுப்புகிறது.

## சக்கைத் தண்ணீரா?

கரும்பைச் சாறு பிழிந்தால் சக்கை. மின்நிலையத்தில் நீரிலிருந்து எதையும் பிழிவதில்லை. நுழைந்த லிட்டர் அத்தனையும் வெளியே வருகிறது. உப்பும் தாதுவும் உள்ளே போன அளவிலேயே வருகின்றன. குறைந்தது உயரம் ஒன்றுதான். அதையும் டர்பைன் இல்லாவிட்டால் நீர் பாறையில் மோதி நுரையாகவும் இரைச்சலாகவும் இழந்திருக்கும்.

இதற்குச் சான்று சிவகங்கை மாவட்டத்துக்கு வரும் நீரே. பெரியாற்று நீர் தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, குழாய்களில் இறங்கி, லோயர் கேம்ப்பில் மின்சாரம் தருகிறது. பிறகு கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைவித்தபடி வைகை அணைக்கு வருகிறது. அங்கே 6 மெகாவாட் மின்நிலையம் ஒன்றில் மீண்டும் சக்கரம் சுற்றுகிறது. அதன் பிறகுதான் மதுரை குடிக்கிறது. மேலூர்ப் பக்கமும் சிவகங்கை மாவட்டத்தின் மேற்குப் பகுதிக் கண்மாய்களும் பாசனம் பெறுகின்றன. சக்கையாகியிருந்தால் வைகை அணையில் இரண்டாவது முறை சக்கரம் சுற்றியிருக்காது.

காவிரியில் இது இன்னும் தெளிவு. மேட்டூரில் அணை மின்நிலையம் 50 மெகாவாட், சுரங்க மின்நிலையம் 200 மெகாவாட். அவற்றைக் கடந்த நீரை அடுத்தடுத்துக் கதவணைகள் மறிக்கின்றன: செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை. ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட். ஒரே நீர், குறைந்தது ஐந்து முறை மின்சாரம், அதற்குப் பிறகு டெல்டாவின் நெல்.

ஆனாலும் "அணைத் தண்ணிக்குச் சத்து இல்லை" என்று வயதான விவசாயி சொன்னால் அவரை அலட்சியம் செய்துவிடக் கூடாது. அவர் கண்டது உண்மை, சொன்ன காரணம்தான் தவறு. பழைய நாளில் வெள்ளநீர் செந்நிறமாக வண்டலைச் சுமந்து வந்து வயலில் படிய வைத்தது. அணை வந்த பிறகு நீர்த்தேக்கத்தில் வேகமிழந்து நிற்கும் நீரிலிருந்து வண்டல் அடியில் இறங்கிவிடுகிறது. கீழே வருவது தெளிந்த நீர். வயல் இழந்தது அந்த வண்டலை. அதைப் பறித்தது நீர் நின்ற நிலை, டர்பைனுக்கு அதில் பங்கில்லை. மின்நிலையமே இல்லாத அணையிலும் இப்படித்தான் நடக்கும். ஆழத்திலிருந்து எடுக்கும் நீர் சற்றுக் குளிர்ந்தும் கரைந்த ஆக்சிஜன் குறைந்தும் இருக்கும் என்பதும் உண்மை. ஆற்றில் பாறைகளின் மேல் உருண்டு ஓடும்போது அது மீளும்.

## அடி, டிஎம்சி, கன அடி

நாளிதழில் வரும் சொற்களைக் கவனியுங்கள்: நீர் இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம். பேரேடு எழுதிய குடும்பங்களுக்கு இவை புதிய சொற்களா? இருப்பு, வரவு, செலவு. அணையின் நாள் நிலவரம் ஓர் ஐந்தொகைதான்.

இருப்பை டிஎம்சியில் சொல்வார்கள். டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி. லிட்டரில் சுமார் 2,830 கோடி. வரவையும் செலவையும் கன அடியில் சொல்வார்கள். அங்கே ஒரு சொல் எப்போதும் விடுபட்டுப் போகிறது: வினாடிக்கு. "10,000 கன அடி திறப்பு" என்பது ஒரு நாளுக்கான மொத்தம் இல்லை. ஒவ்வொரு வினாடியும் 10,000 கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர். மனத்தில் வைக்க ஒரு எண் போதும்: வினாடிக்கு சுமார் 11,570 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் ஒரு டிஎம்சி.

அடி என்பது மட்டம். அது அணைக்கென்று குறித்த சுழி மட்டத்திலிருந்து எண்ணுவது. மேட்டூர்ச் சுவர் அடித்தளத்திலிருந்து 214 அடி உயரம். முழு நீர்மட்டம் 120 அடி என்பது வேறு கணக்கு. வைகைக்கு முழு மட்டம் 71 அடி. ஓர் அணையின் அடியை இன்னொன்றின் அடியோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

அடி பாதியானால் நீர் பாதியா? வாய் அகன்ற உருளியில் நீர் ஊற்றிப் பார்த்தால் தெரியும். அடியில் ஒரு விரற்கடை உயர ஒரு செம்பு போதும். வாய்ப்பக்கம் அதே விரற்கடைக்கு நான்கு செம்பு வேண்டும். மேட்டூரில் 120 அடிக்கு 93.47 டிஎம்சி. 100 அடியில் சுமார் 65. 60 அடியில் சுமார் 25 மட்டுமே. பாதி மட்டத்தில் இருப்பது கால் பங்கு நீர். மேலே உள்ள 20 அடி தாங்கும் நீர், கீழே உள்ள 60 அடி முழுவதும் தாங்கும் நீரைவிட அதிகம்.

நினைவில் கொள்ள: அடி மட்டத்தையும், டிஎம்சி இருப்பையும், கன அடி ஓட்டத்தையும் காட்டுகின்றன.

## நிரம்பிய அணை, எரியாத விளக்கு

பெட்டகத்தில் பணம் இருந்தால் அது செலவாகிவிட்டதாக ஆகாது. நீர் தேங்கி நிற்கும்போது மின்சாரம் வராது. திறந்துவிடும்போது மட்டுமே வரும். மேட்டூர் முதலில் பாசன அணை. 1934-இல் அது கட்டி முடிந்ததே டெல்டாவுக்காக. வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். அந்த மாதங்களில் வயலுக்குப் போகிற நீர் போகிற போக்கில் மின்சாரம் தருகிறது. கோடையில் குடிநீருக்கு மட்டும் சிறிதளவு திறக்கும்போது மின்சாரமும் சிறிதளவே. மின்சாரத்துக்காகப் பாசன நீரைத் திறந்தால் சம்பாவுக்கு நீர் இராது.

குந்தா, பைக்காரா போன்ற மலை மின்நிலையங்கள் வேறு ரகம். மின்சாரத்துக்காகவே கட்டியவை. அனல்மின் நிலையத்தை முழு வேகத்துக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும். நீர்மின் இயந்திரம் சில நிமிடங்களில் தயார். அதனால் மலை நீரைப் பகலெல்லாம் செலவழிக்காமல், காலையும் மாலையும் தேவை எகிறும் நேரத்துக்குப் பத்திரப்படுத்துகிறார்கள்.

வெள்ளம் வரும்போது இன்னொரு குழப்பம். "லட்சம் கன அடி போகுதே, எவ்வளவு கரண்டு எடுத்திருப்பாங்க!" மேட்டூர் மின்நிலையங்கள் வழியாக அதிகம் போனால் சுமார் 22,000 கன அடி போகும். மீதி 16 கண் மதகு வழியாக, எந்தச் சக்கரத்தையும் தொடாமல் ஓடிவிடும். கலுங்கில் வழியும் நீர் வயலுக்கு வராதது போலத்தான். அணை இருந்தால் வெள்ளமே வராது என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. காலியிடம் உள்ள அணை வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும். நிரம்பிய அணை வருவதை அப்படியே கீழே விட்டாக வேண்டும். பாசனத்துக்கு நிறைவாகவும் வெள்ளத்துக்குக் காலியாகவும் ஒரே அணை இருக்க முடியாது. அந்த இழுபறியை ஒவ்வொரு மழைக்காலமும் யாரோ சில பொறியாளர்கள் இரவு விழித்துச் சமாளிக்கிறார்கள்.

## தூர்

கண்மாய் கோடையில் வற்றும். வண்டியில் கரம்பை அள்ளி வயலில் கொட்டினால் கண்மாய்க்கும் லாபம், வயலுக்கும் லாபம். அணையையும் இப்படித் தூர்வாரலாமே என்று கேட்பது நியாயம்தான். கணக்கு இடம் தருவதில்லை. ஒரு டிஎம்சி இடத்தை மீட்க 2.83 கோடி கன மீட்டர் மண்ணை அள்ள வேண்டும். ஒரு டிப்பரில் 10 கன மீட்டர் என்றால் 28 லட்சம் நடை. நாளுக்கு 1,000 நடை அடித்தாலும் ஏழரை ஆண்டுக்கு மேல். அதற்குள் ஆறு புதிய வண்டலைக் கொண்டுவந்துவிடும். பெரிய அணை முழுவதுமாக வற்றுவதும் இல்லை.

இது தெரிந்தேதான் மதகை அடிமட்டத்தில் வைக்காமல் சற்று மேலே வைக்கிறார்கள். அதற்குக் கீழே நிற்கும் நீரைத் தானாக ஓடவிட்டு எடுக்க முடியாது. வண்டலுக்கென்று விட்ட இடம் அது. மலைச்சரிவில் காடு அழியாமல் இருந்தால் அந்த இடம் மெதுவாக நிரம்பும். வரத்துக்காலின் மேட்டுப் பகுதியைக் காப்பாற்றாமல் கண்மாயை மட்டும் வாரினால் என்ன ஆகும் என்பது செட்டிநாட்டுக்குத் தெரியாததல்ல.

## நீரை மேலே ஏற்றிச் சேமித்தல்

மின்சாரத்தைப் பெரிய அளவில் சேமிக்க முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று மின்கலம், காரைக்குடி சிக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில், ஆய்வாளர்கள் ஈடுபட்டிருக்கும் துறை அது. இன்னொன்று மாடித் தொட்டி. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் மேலே ஓர் அணை, கீழே மேல் ஆழியாறு அணை, நடுவே 100 மெகாவாட் இயந்திரங்கள் நான்கு. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் அதே இயந்திரங்கள் பம்புகளாகித் தலைகீழாகச் சுற்றி நீரை மேலே ஏற்றும். தேவை கூடும் நேரத்தில் அந்த நீர் இறங்கி மின்சாரமாகும். இத்தகைய நிலையங்களில் பொதுவாக 100 யூனிட் செலவிட்டால் 75 முதல் 80 யூனிட்தான் திரும்பும். நட்டம் என்று தோன்றலாம். யாருக்கும் வேண்டாத நேரத்து யூனிட்டைக் கொடுத்து, எல்லாருக்கும் வேண்டிய நேரத்து யூனிட்டை வாங்குவதால் அது வணிகமாகிறது. பகலில் மிஞ்சும் சூரிய மின்சாரம் கூடக்கூட இந்த முறைக்கு மதிப்பும் கூடும்.

## ஒரு நாள் நிலவரத்தை வாசிப்போம்

எடுத்துக்காட்டாக, மேட்டூர் பற்றி இப்படி ஒரு வரி: நீர்மட்டம் 100 அடி, இருப்பு 65 டிஎம்சி, வரத்து 12,000 கன அடி, வெளியேற்றம் 8,000 கன அடி.

வரவில் செலவு போக மிச்சம் வினாடிக்கு 4,000 கன அடி. ஒரு நாளில் அது 0.35 டிஎம்சி சேர்க்கும். நிரம்ப இன்னும் வேண்டியது 28.5 டிஎம்சி. இதே நிலை நீடித்தால் சுமார் 82 நாள். வெயிலுக்கும் ஒரு பங்கு உண்டு. அணை நிரம்பும்போது நீர்ப்பரப்பு 150 சதுர கிலோமீட்டரைத் தாண்டும். அதில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலே வினாடிக்கு 300 கன அடிக்கு மேல் வானத்துக்குப் போகிறது.

வெளியேறும் 8,000 கன அடியும் மின்நிலையம் வழியே போவதாகவும் விழும் உயரம் 40 மீட்டர் என்றும் கொண்டால், கிடைப்பது சுமார் 78 மெகாவாட். ஒரு நாளில் ஏறத்தாழ 18.7 லட்சம் யூனிட். அதே 8,000 கன அடி, ஒரு சொட்டுச் சத்தும் குறையாமல், அடுத்துச் செக்கானூர்க் கதவணைக்குப் போய்ச் சேருகிறது. அங்கே இன்னொரு சக்கரம் காத்திருக்கிறது.